விளக்கடியில் லெட்டூஸ் வாடினால்: மணியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாடி அறையில் மூன்று ரேக் இருக்கிறது. ரேக்குக்கு நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு 20 வாட் டியூப். மொத்தம் 48 டியூப், 960 வாட். அதன் அடியில் லெட்டூஸ் கீரையும் பேசில் என்னும் வாசனைத் துளசியும் மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்கின்றன. அறுத்து எல்லை தாண்டி கோயமுத்தூர் ஓட்டல்களுக்கு அனுப்புகிறோம். ஆரம்பித்த முதல் கோடையில் பாதிப் பயிரைக் குப்பையில் கொட்டினேன். அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் யார் அறையில் செடி படுத்தாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"அண்ணா, செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சுங்ணா. தண்ணியக் குளுர வைக்கற சில்லர் வாங்கிப்போடட்டுங்களா?"

"வாங்கலாம் தம்பி. எத்தனை மணிக்குத் தொங்குச்சு?"

"அதைப் பாக்கலீங்ணா."

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்த ஒரு மணி நேரத்தில் வாடினால் ஒரு காரணம், பிற்பகல் மூன்று மணிக்கு வாடினால் வேறு காரணம், விளக்கு அணைந்த பிறகும் நிமிராமல் கிடந்தால் அது மூன்றாவது. ஒரு நோட்டில் இரண்டு நாள் மணியையும் சூட்டையும் எழுதிவிட்டுக் கூப்பிட்டால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

## கையில் இருக்க வேண்டியவை

குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும், ஈரப்பதமும் காட்டுவதாக. டேங்கில் போட வயர் முனை உள்ளது ஒன்று. தண்ணீரின் புளிப்பு, காரத்தை அளக்கப் பி.ஹெச். மீட்டர், கரைந்திருக்கும் உப்பு, சத்தின் அளவைக் காட்ட இ.சி. மீட்டர். லைன் டெஸ்டர் மட்டும் போதாது, மல்டிமீட்டர் வேண்டும்.

தெர்மாமீட்டரை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நான் முதலில் கதவோரச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். அது 27 காட்டிக்கொண்டே இருந்தது, மேல் தட்டில் செடி வெந்துகொண்டிருந்தது. இலை இருக்கும் உயரத்தில், மேல் தட்டில் ஒன்றும் கீழ்த் தட்டில் ஒன்றும் தொங்கவிடுங்கள். விளக்கு வெளிச்சம் நேராக விழுந்தால் கூட்டிக் காட்டும், அதனால் வெள்ளைப் பேப்பர் கப் ஒன்றைக் கவிழ்த்து, காற்று போக அடியில் வழி விட்டு, அதற்குள் முனையை வையுங்கள்.

லெட்டூஸுக்கு இலை மட்டத்தில் 20 முதல் 26 டிகிரி வரை நல்லது. தண்ணீர் 18 முதல் 24, ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம், பி.ஹெச். 5.5 முதல் 6.5, இ.சி. 1.2 முதல் 1.8 (mS/cm). பேசில் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். அதை வைத்து லெட்டூஸை அளக்கக் கூடாது.

## அறிகுறி 1: தண்ணீர் ஓடுகிறது, ஆனாலும் செடி வாடுகிறது

இதற்காகத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். நெட் பாட்டோடு (செடி நிற்கும் ஓட்டைக் கப்) ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வேர் வெள்ளை, வாடுவது விளக்கு எரியும்போது மட்டும்

வேருக்கு ஒன்றுமில்லை. இலை இழுக்கிற வேகத்துக்கு வேரால் கொடுக்க முடியவில்லை. இலை மட்டத்துச் சூடு 30ஐத் தாண்டியிருக்கும், அல்லது ஈரப்பதம் 40க்குக் கீழே போயிருக்கும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறண்டு வீசும்போது சூடே இல்லாமல்கூட இப்படி வாடும். ஜன்னலைச் சாத்தி, அறைக்குள் தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்தால் காற்றுதான் குற்றவாளி. நிமிரவில்லையென்றால் சூடு. அறிகுறி 4க்குப் போங்கள்.

வேர் வெள்ளை, வாடுவது பிற்பகல் 2 முதல் 5 வரை

டேங்கில் முனையைப் போட்டுப் பாருங்கள். 28க்கு மேலே இருந்தால் தண்ணீர்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேரின் மூச்சுத் தேவையோ சூட்டோடு ஏறும். வரவு குறைகிற நேரத்தில் செலவு கூடுகிறது.

சில்லர் வாங்கும் முன் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். டேங்குக்குள் முங்கி ஓடும் மோட்டார் 40 வாட் என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்டைச் சூடாகத் தண்ணீருக்குள் கொட்டுகிறது. 100 லிட்டர் டேங்கில் அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால் 8 டிகிரி ஏறும். வேலந்தாவளத்துத் தம்பி ஒருவர் அறையில் இதுதான் நடந்தது. சில்லருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். டேங்க் மூடியைத் திறந்தால் கை வைக்கச் சுடுகிற மோட்டார் ஒன்று, அதுவும் தேவைக்கு மூன்று மடங்கு பெரியது. சின்ன மோட்டாராக மாற்றி, டைமரில் 15 நிமிடம் ஓட்டம் 15 நிமிடம் ஓய்வு என்று வைத்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் 4 டிகிரி இறங்கியிருந்தது. அட்வான்ஸ் திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை. (மோட்டார் நிற்கும்போது செடி நிற்கும் குழாயான சானலில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். சரிவு அதிகமானால் வேர் காய்ந்துவிடும்.)

மோட்டார் சரியென்றால் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாடிச் சுவரோரம், மேற்கு வெயில் படும் இடம் என்றால் நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் டேங்கைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, எதிரில் சின்ன ஃபேன் வையுங்கள். வறண்ட மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். ஜூனில் மழை இறங்கிய பிறகு சாக்கு நாறும், குளிராது.

அவசரத்துக்கு ஐஸ் பாட்டில். 100 லிட்டர் தண்ணீரை 30இலிருந்து 24க்கு இறக்க ஏறக்குறைய 6 கிலோ ஐஸ் வேண்டும், அதாவது ஒரு லிட்டர் பாட்டில் ஆறு. இரண்டு பாட்டிலைப் போட்டுவிட்டு "ஐஸ் போட்டும் இறங்கலை" என்று சொல்கிறவர்களே அதிகம். மூடி இறுக்கிய பாட்டிலாகவே போடுங்கள். ஐஸை உடைத்துக் கொட்டினால் சத்துக் கரைசல் நீர்த்துப்போகும்.

இத்தனையும் செய்த பிறகும் கோடை முழுக்கத் தண்ணீர் 28க்குக் கீழே இறங்காவிட்டால் சில்லர் வாங்குங்கள். அதன் வெப்பம் அறைக்குள் அடிக்காமல் வெளியே போகிறமாதிரி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அறைக்குள்ளேயே வைத்த சில்லர் தண்ணீரைக் குளிர்வித்துக் காற்றைச் சூடாக்கும்.

வேர் பழுப்பு, வழவழப்பு, நாற்றம். விளக்கு அணைந்த பிறகும் நிமிரவில்லை

ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவுங்கள். மேல்தோல் கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி மட்டும் நின்றால் அது பித்தியம் என்னும் கிருமியால் வரும் வேர் அழுகல். பழுப்பாக இருந்து தோல் உரியாவிட்டால் சத்துக் கரைசலின் கறையாகவும் இருக்கலாம். கழுவினால் வெளுக்கும். பயப்பட வேண்டாம்.

அழுகல் உறுதியென்றால் அந்தச் சானல் செடிகளைக் காப்பாற்ற முயலாதீர்கள். நான் முயன்று மற்ற இரண்டு ரேக்கையும் இழந்தேன். செடியைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். தண்ணீரைக் கொட்டி, டேங்க், சானல், மோட்டார் எல்லாவற்றையும் 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை (பிளீச் திரவம்) லிட்டருக்கு 20 மில்லி கலந்து அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள். பி.ஹெச். இறக்கும் ஆசிட் பாட்டிலை அந்த நேரத்தில் அறையிலேயே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சாத்திய அறையில் அது விளையாட்டல்ல. பிறகு தண்ணீர்ச் சூட்டைச் சரிசெய்யாமல் புதுச் செடி வைத்தால் மூன்று வாரத்தில் அதே கதை. பித்தியம் வெதுவெதுப்பான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரைத் தேடித்தான் வரும்.

## அறிகுறி 2: உள் இலையின் ஓரம் கருகுகிறது

வெளி இலை பச்சை, நடுக்குருத்தில் இருக்கும் இளம் இலையின் விளிம்பு மட்டும் காபிப் பொடி நிறம். கால்சியம் போய்ச் சேராத குறை. உடனே கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டிப் போடுகிறார்கள். பெரும்பாலும் தண்ணீரில் கால்சியம் இருக்கிறது, குருத்துக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் கெட்டி உப்புக்குப் பஞ்சமா என்ன!

முதலில் காற்று. குருத்தின் மேல் இலை லேசாக ஆடுகிற அளவு காற்று விழ வேண்டும். பக்கவாட்டில் அடிக்கும் ஃபேன் வெளி இலையோடு நின்றுவிடும், மேலிருந்து சாய்த்து வையுங்கள். அடுத்து இ.சி. 2ஐத் தாண்டியிருந்தால் வெறும் தண்ணீர் சேர்த்து இறக்குங்கள். அதிலும் மாறாவிட்டால் விளக்கு நேரத்தை இரண்டு மணி நேரம் குறையுங்கள். செடி வேகமாக வளரும்போதுதான் இந்தக் கருகல் வரும். ஏற்கெனவே கருகிய இலை திரும்பாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான்கைந்து நாள் பொறுங்கள்.

எதிலும் மசியாவிட்டால் ரகத்தை மாற்றுங்கள். உருண்டையாக மூடிக்கொள்ளும் ரகத்தைவிட விரிந்து வளரும் ரகத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

## அறிகுறி 3: மேல் இலை வெளுக்கிறது, அல்லது செடி கொடி மாதிரி நீள்கிறது

இரண்டும் விளக்கின் தூரம். வெளுத்தால் கிட்டே இருக்கிறது, நீண்டால் எட்டப் போய்விட்டது. இலைக்கும் டியூபுக்கும் நடுவில் 25 முதல் 30 சென்டிமீட்டர் என்று தொடங்கி அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். கையைப் புறங்கை மேலாக இலை மட்டத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். சுட்டால் செடிக்கும் சுடும். சுடாமலும் வெளுக்கலாம், எல்இடியில் வெளிச்சம் அதிகம், சூடு குறைவு.

வெளுப்பு மேல் தட்டில் மட்டுமல்ல, எல்லாத் தட்டிலும், புது இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சளாக இருக்கிறதா? அது விளக்கில்லை, பி.ஹெச். ஏறி இரும்புச் சத்து இறங்காததுதான். போர் தண்ணீர் தினமும் பி.ஹெச்.சை மேலே இழுக்கும். சத்து கலக்காத வெறும் தண்ணீரின் இ.சி.யைப் பாருங்கள். 0.5க்கு மேலே என்றால் மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள்.

நடுவிலிருந்து தண்டு கிளம்பிப் பூக்கப் பார்த்து, இலை கசந்தால் அது தூரமல்ல. சூடும் நீண்ட விளக்கு நேரமும் சேர்ந்து செய்வது. அந்தச் செடியை அறுத்துவிடுங்கள், கசப்பு போகாது. ஓட்டலுக்கு அனுப்பினால் அடுத்த வாரம் ஆர்டர் வராது.

ஊதா, ரோஸ் நிற விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் இலையும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது. கைவிளக்கை அடித்துத்தான் பார்க்க வேண்டும். வேறொரு தொல்லையும் உண்டு. இது எல்லை ஊர், செக்போஸ்ட் கிட்டே. ராத்திரி முழுக்க மாடி ஜன்னலில் ஊதா வெளிச்சம் கசிந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்து, "உள்ளே என்னங்க வளக்கறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கஞ்சா வளர்ப்பது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம், அறைக்குள் என்றாலும் குற்றம்தான். கதவைத் திறந்து காட்டினேன். ஒருவர் லெட்டூஸ் இலையைக் கிள்ளி மென்று பார்த்து, "இதுக்கா இவ்வளவு லைட்டு?" என்றார். அடுத்த மாதமே வெள்ளை டியூபுக்கு மாறினேன். பக்கத்து வீட்டு அக்காவையும் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.

## அறிகுறி 4: அறைச் சூடு இறங்கவே மாட்டேன் என்கிறது

பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெளியே 40 தொடும். அறைக்குள் 960 வாட் விளக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கு தின்னும் கரண்ட் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் நிற்கும், எல்இடி ஆனாலும் சரி. செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

விளக்கு நேரத்தை மாற்றுவது. செடிக்கு ராத்திரி எது பகல் எது என்று தெரியாது. நான் இரவு 10 மணிக்கு விளக்கைப் போட்டு மறுநாள் 12 மணிக்கு அணைக்கிறேன், 14 மணி நேரம். பிற்பகல் வெயில் மொட்டை மாடியைச் சுடும் நேரத்தில் விளக்குச் சூடு கிடையாது. கேரளத்தில் மின்சாரத்துக்கு உச்ச நேரம் மாலை 6 முதல் 10 வரை, அதிலும் தப்பலாம். 960 வாட் 14 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 13.44 யூனிட், மாதம் 400 யூனிட். எந்த நேரத்தில் எரிகிறது என்பது சின்ன விஷயமல்ல. இந்த ஒரு மாற்றத்திலேயே என் அறையின் உச்சச் சூடு 6 டிகிரி இறங்கியது. பைசா செலவில்லை. பத்து அறைக்குப் போனால் எட்டில் இதைச் செய்யாமல்தான் ஏசி விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கூரை. சிமென்ட் மொட்டை மாடி என்றால் வெள்ளைச் சுண்ணாம்போ வெயில் தடுக்கும் வெள்ளை பெயின்டோ அடியுங்கள். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் என்றால் மேலே தென்னை ஓலை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுத் தென்னைக்குக் குறைவில்லை, ஓலை கேட்டால் கிடைக்கும். ஷீட்டுக்கும் ஓலைக்கும் நடுவில் கையளவு இடைவெளி விடுங்கள், ஒட்டிப் போட்டால் பாதிப் பலன்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேன். இருக்கிறது, ஓடுகிறது, ஆனாலும் சூடு என்றால் மூன்று கேள்வி.

வெளியே என்ன சூடு? வெளியே 38 என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனால் உள்ளே 37 கொண்டுவர முடியாது. மார்ச் முதல் மே வரை பகலில் அதை நிறுத்திவிட்டு அறையைச் சாத்துவதே மேல்.

காற்று உள்ளே வர வழி இருக்கிறதா? கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு ஃபேன் மட்டும் போட்டால் அது வெறுமனே இரையும். கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஃபேன் சத்தம் மாறினால் உள்வழி போதவில்லை. உள்வழியின் பரப்பு ஃபேன் ஓட்டையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும், தரையோரம், நிழல் பக்கம், கொசுவலை போட்டு. வலையை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

எந்தச் சுவரில் இருக்கிறது? இது வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றாத கேள்வி. கணவாய் ஊரில் காற்று ஆறு மாதம் கிழக்கிலிருந்து தள்ளும், மழைக்காலத்தில் மேற்கிலிருந்து தள்ளும். மேற்குச் சுவரில் வைத்த ஃபேன் ஜூலையில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டும், கிழக்குச் சுவரில் வைத்தது ஜனவரியில். ஃபேனை நிறுத்திவிட்டு இறக்கை தானாகப் பின்பக்கம் சுழல்கிறதா பாருங்கள். சுழன்றால் வடக்கோ தெற்கோ மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் வெளியே தகர மறைப்பு வளைத்து வைக்கலாம்.

ஏசி. கடைசியாகத்தான். 1 டன் ஏசி ஏறக்குறைய 3.5 கிலோவாட் சூட்டை இழுக்கும். 960 வாட் விளக்குக்குக் கால் டன்னுக்குச் சற்று மேல். மொட்டை மாடிக்குக் கீழே 10க்கு 12 அடி அறையே 1 டன்னைத் தின்றுவிடும். ஆகவே இந்த அளவுக்கு ஒன்றரை டன் வேண்டும். ஏசியின் காற்று நேராக ஒரே தட்டில் விழாமல் பாருங்கள். ஏசி ஓடியும் இறங்காவிட்டால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், வெளி யூனிட்டின் முன்னால் துணி காயப்போட்டிருக்கிறார்களா பாருங்கள். (என் வீட்டில் அம்மா போட்டிருந்தார்.) அதற்கும் மேலே என்றால் காஸ் பார்க்க மெக்கானிக் வர வேண்டும், நீங்கள் தொட ஒன்றுமில்லை.

## அறிகுறி 5: விளக்கு சிமிட்டுகிறது, அணைகிறது, அல்லது அணையவே மாட்டேன் என்கிறது

ஒரே டியூப் சிமிட்டினால் அதைக் கழற்றி நன்றாக எரியும் இடத்தில் மாட்டுங்கள். அங்கேயும் சிமிட்டினால் டியூபின் டிரைவர் (உள்ளே கரண்டை மாற்றித் தரும் சின்ன போர்டு) போச்சு, மாற்றுங்கள். அங்கே நன்றாக எரிந்தால் பழைய இடத்தின் ஹோல்டர், வயர். மேல் தட்டு டியூப்கள் மட்டும் அடிக்கடி போனால் அதுவும் சூடுதான். டிரைவருக்குள் இருக்கும் கண்டென்சரின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் சொல்லும் கணக்கு. மேல் தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் காற்று ஓட ஒரு சின்ன ஃபேன் போட்டால் டியூப் வாங்கும் செலவு குறையும்.

எல்லா டியூபும் ஒன்றாகச் சிமிட்டினால் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். வழக்கமான 230ஐ விட்டு மிகவும் கீழே ஆடினால் லைன் பிரச்சினை, கரண்ட் ஆபீசுக்குச் சொல்லுங்கள். சில விளக்கு மங்கி, சில விளக்கு திடீரென்று பளிச்சென்று எரிந்தால் எதையும் சோதிக்காதீர்கள். மெயினை அணையுங்கள். நியூட்ரல் விட்டிருக்கலாம். மூன்று பேஸ் இணைப்பில் அப்போது 230 வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரலாம். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போகும். லைன்மேன் வந்து பார்க்கும்வரை போடாதீர்கள்.

டைமர் நேரம் முடிந்தும் விளக்கு எரிகிறதா? டைமருக்குள் இருக்கும் முனை ஒட்டிக்கொண்டது. பெட்டியில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அது அயர்ன் பாக்ஸ் மாதிரியான சுமைக்கு. 48 டியூப் ஒரே நொடியில் எரியும்போது முதல் இழுப்பு பல மடங்கு. தட்டினால் விடும், மறுநாள் மறுபடி ஒட்டும். ரேக்குக்கு ஒரு டைமர் என்று மூன்றாகப் பிரித்து, ஒரு நிமிட இடைவெளியில் போடவையுங்கள். இன்னும் பெரிய அறை என்றால் பெரிய சுமையைத் தாங்கும் ஸ்விட்சான கான்டாக்டர் வைக்க வேண்டும், அது வயர்மேன் வேலை.

## அறிகுறி 6: பிரேக்கர் விழுகிறது

எது விழுகிறது என்று பாருங்கள். டெஸ்ட் பட்டன் இருந்தால் அது கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி., பட்டன் இல்லாதது சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும் சாதாரண எம்.சி.பி.

எம்.சி.பி., விளக்கு போட்ட நொடியில் விழுகிறது: மேலே சொன்ன முதல் இழுப்பு. டைமரைப் பிரியுங்கள். பிரித்தும் விழுந்தால் ஷார்ட், வயர்மேன்.

எம்.சி.பி., அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து விழுகிறது: சுமை அதிகம், அல்லது எங்கோ திருகு தளர்ந்து சூடாகிறது. போர்டு அறைக்குள்ளேயே இருந்தால் இன்னொன்று: பிரேக்கரின் அளவு 30 டிகிரிக்குச் சொன்னது, வெந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் அது சொன்ன ஆம்பியருக்கு முன்பே விழும். அதற்காகப் பெரிய பிரேக்கர் போடுகிறவர்கள் உண்டு. வயர் அதேதான், பிரேக்கர் மட்டும் பெரிது என்றால் அடுத்து எரிவது வயர்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது: எங்கோ ஈரம், எங்கோ கசிவு. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான். பத்தில் ஏழு முறை டேங்க் மோட்டார். அதன் வயர் மேலே ஏறி நேராக பிளக்குக்குப் போகாமல், ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். வழிந்து வரும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யை நேரடியாக இணைத்துவிடாதீர்கள். தண்ணீரில் கை வைத்துக்கொண்டு வேலை செய்யும் அறை இது.

லைசென்ஸ் உள்ள வயர்மேனை அன்றே கூப்பிட வேண்டிய நேரங்கள்: பிளக் முகம் தொட முடியாமல் சுடுகிறது, கருத்திருக்கிறது, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் போர்டிலிருந்து வருகிறது, ரேக் கம்பியைத் தொட்டால் சுர்ரென்கிறது. எர்த் இருக்கிறதா என்று அவரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வருகிற சேட்டன் மீட்டரை வைத்துவிட்டு முதலில் மோந்து பார்ப்பார். அவர் மூக்கு இதுவரை தவறியதில்லை.

## அறிகுறி 7: இலை மேல் நீர்த்துளி, பிறகு சாம்பல் பூஞ்சை

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் இது. விளக்கு அணைந்ததும் அறை குளிர்ந்து ஈரப்பதம் 90க்கு மேலே ஏறும். எங்கள் அட்டவணையில் அது நடுப்பகல் 12 மணிக்குப் பிறகு, மற்றவர்களுக்கு ராத்திரி. மினிமம், மேக்சிமம் நினைவில் பார்த்தால் தெரிந்துவிடும்.

விளக்கோடு சேர்த்து ஃபேனையும் டைமரில் அணைக்கிறீர்களா? பலருக்குக் காரணம் இது ஒன்றுதான். ஃபேனைத் தனி பிளக்கில் போட்டு 24 மணி நேரமும் ஓடவிடுங்கள். செடி நெருக்கமாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்று எடுத்துவிடுங்கள். டேங்குக்கு மூடி, தரையில் சிந்திய தண்ணீருக்குத் துடைப்பம். வெளியே மழை பெய்யும்போது எக்ஸாஸ்ட் போட்டால் ஈரத்தை ஈரத்தால்தான் மாற்றுகிறீர்கள். ஏசி இருந்தால் ஒரு மணி நேரம் ஓட்டுவது மேல், இல்லாவிட்டால் ஈரம் உறிஞ்சும் மிஷின்.

பூஞ்சை வந்த இலையை விளக்கு அணைந்திருக்கும்போது, ஃபேனை நிறுத்திவிட்டுப் பறியுங்கள். ஃபேன் ஓடும்போது பறித்தால் பொடி மூன்று ரேக்குக்கும் போய்ச் சேரும். பறித்ததை ஈரத்துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஃபேனைப் போடுங்கள்.